பழைய அலுமினியப் படகில் மக்கிப்போன டிரான்சம் பலகையை மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒன்டாரியோ, மிச்சிகன், மினசோட்டா பக்கம் 12 முதல் 16 அடி வரை நீளமுள்ள பழைய அலுமினியப் படகு தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது எஞ்சினை. பார்க்க வேண்டியது அந்த எஞ்சின் தொங்கும் பின்பலகையை, அதாவது டிரான்சத்தை. வெளியே தகடு நன்றாகத்தான் இருக்கும். உள்ளே ஒன்றரை அங்குல பிளைவுட் ஊறி, கையால் பிய்த்தாலே நார்நாராக வரும் நிலையில் கிடக்கும். எஞ்சினின் முழு எடையையும் உந்து விசையையும் தாங்குவது அந்தப் பலகைதான். அது போனால் தகடு வளையும், ரிவெட்டுகள் தளரும், கடைசியில் தகடே கிழியும்.

பலகை ஏன் மக்குகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மழையில் நனைந்தால் மட்டும் மரம் மக்கிவிடாது. நனைந்து காய்ந்தால் பல வருடம் தாங்கும். இங்கே பலகையின் ஒரு பக்கம் அலுமினியத் தகடு, மேலே அலுமினிய மூடி, பல படகுகளில் உள்பக்கமும் தகடு. எஞ்சின் போல்ட் துளை, வடிகால் குழாய், மீன் தேடும் கருவியின் திருகு, மேல்மூடியின் இடுக்கு ஆகியவை வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். வெளியே வர வழி இருக்காது. பெரும்பாலான படகுகளில் இந்தத் துளைகளின் உள்சுவர் எதுவும் பூசாத வெறும் மரமாகவே விடப்பட்டிருக்கும். பிளைவுட்டின் வெட்டுவாய் உறிஞ்சும் வேகம் அதன் முகப்பரப்பு உறிஞ்சுவதைவிடப் பல மடங்கு. எந்தப் பலகை நல்லது என்று ஆளாளுக்கு மணிக்கணக்கில் வாதம் செய்வார்கள். உண்மையில் ஆயுளைத் தீர்மானிப்பது பலகையின் விலை அல்ல, அதில் போடும் ஒவ்வொரு துளையையும் எப்படி அடைக்கிறோம் என்பதுதான்.

மக்கியிருக்கிறதா என்று பார்ப்பது

எஞ்சினைச் சாய்த்து உயர்த்தி, அதன் அடிப்பாகத்தைப் பிடித்து மேலும் கீழும் அழுத்திப் பாருங்கள். இன்னொருவர் டிரான்சத்தின் மேல்விளிம்பைக் கவனிக்கட்டும். தகடு உள்ளே வெளியே அசைந்தாலோ, எஞ்சின் பிடிப்புக்குக் கீழே மயிரிழை விரிசல் தெரிந்தாலோ பலகை போய்விட்டது. சுத்தியலின் கைப்பிடியால் இடம் இடமாகத் தட்டுங்கள். நல்ல மரத்தில் ‘டக்’ என்று கெட்டியான சத்தம் வரும். மக்கிய இடத்தில் ‘பொத்’ என்று அமுங்கும். எஞ்சின் க்ளாம்ப் பதிந்த இடத்தில் ஆழமான குழி இருந்தால் அதுவும் சாட்சி.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் உள்பக்கத்திலிருந்து 3 மி.மீ. பிட்டால் மூன்று நான்கு இடங்களில் துளையிட்டுப் பாருங்கள்: வடிகால் குழாய்க்குப் பக்கத்தில், எஞ்சின் போல்ட்டுகளுக்குக் கீழே, அடி மூலைகளில். எதிர்ப்பக்கத் தகட்டைத் துளைத்துவிடாதபடி பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளிறிய, காய்ந்த சுருள் வந்தால் மரம் நலம். கறுப்பாக, ஈரமாக, காப்பித்தூள் மாதிரி வந்தால் மாற்றியாக வேண்டும். தகட்டின் மேல் வைத்துப் பார்க்கும் ஈரப்பத மீட்டரை இங்கே நம்பாதீர்கள். அலுமினியம் மின்சாரம் கடத்துவதால் அது காட்டும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

மக்கிய பலகைக்குள் துளை போட்டு எப்பாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசின்) ஊற்றினால் சரியாகிவிடும் என்று ஒரு குறுக்குவழி சொல்வார்கள். ஈர மரத்தில் எப்பாக்ஸி ஊறாது; ஊற்றிய இடம் மட்டும் கல்லாகி, சுற்றியுள்ள மரம் தொடர்ந்து மக்கும். அந்த வழிக்குப் போக வேண்டாம்.

கழற்றும் முன் குறித்துக்கொள்ள வேண்டியவை

டிரான்சத்தின் உயரத்தை நடுக்கோட்டில், மேல்விளிம்பிலிருந்து படகின் அடி வரை அளந்து எழுதுங்கள். பொதுவாக 15 அங்குலம் அல்லது 20 அங்குலம் இருக்கும். எஞ்சினின் தண்டு நீளம் இதோடு பொருந்த வேண்டும். புதுப் பலகை உயர்ந்துவிட்டால் புரொப்பெல்லர் காற்றை இழுத்து நழுவக்கூடும். எஞ்சின் போல்ட் துளைகளின் இடம், மூலைக்கு மூலை அகலம், பலகையின் தடிமன் எல்லாவற்றையும் அளந்து, எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து வையுங்கள்.

பின்னால் நின்று பார்த்தால் வலது மேல் மூலையில் 12 எழுத்துகளும் எண்களும் கொண்ட படகு அடையாள எண் இருக்கும். 1972 நவம்பருக்குப் பிறகு அமெரிக்காவில் செய்த படகுகளுக்கு அது கட்டாயம். அதன்மேல் தேய்க்கவோ, தட்டைக் கழற்றவோ, தகடு வைத்து மூடவோ கூடாது. அந்த எண் அழிந்தால் பதிவும் விற்பனையும் சிக்கலாகிவிடும். எத்தனை எச்பி வரை தாங்கும் என்று சொல்லும் தட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். பலகையைக் கனமாகப் போட்டுவிட்டோமே என்று அதற்கு மேல் எஞ்சின் மாட்டுவது தவறு. அந்த வரம்பு பலகையை மட்டும் வைத்துக் கணக்கிட்டதல்ல.

பொருட்கள்

கீழே உள்ள அளவுகள் 54 அங்குல அகலம், 20 அங்குல உயரம் உள்ள டிரான்சத்துக்கு. உங்கள் படகுக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

- 18 மி.மீ. பிளைவுட், 4×8 அடி, 1 ஷீட். இரண்டு அடுக்கும் ஷீட்டின் பாதிக்குச் சற்று மேலேயே வந்துவிடும்.
- எப்பாக்ஸி ரெசினும் ஹார்டனரும் சேர்ந்து 2 லிட்டர். ஒட்டுவதற்குச் சுமார் அரை லிட்டர், மூன்று பூச்சுக்கும் விளிம்புகளுக்கும் முக்கால் லிட்டர், துளை அடைக்க மீதி. 1 லிட்டர் வாங்கினால் கடைசிப் பூச்சுக்கு முன் தீர்ந்துவிடும்.
- எப்பாக்ஸியைக் கெட்டியாக்கும் சிலிக்கா தூள், 1 சிறிய டப்பா.
- கடல் பயன்பாட்டுக்கான பாலியூரித்தேன் சீலண்ட், 1 டியூப்.
- 316 தர ஸ்டெயின்லெஸ் போல்ட், அகல வாஷர், நைலான் பூட்டு நட். பழையவற்றை எண்ணி அதே அளவில்.
- 3/16 அங்குல முழு அலுமினிய ரிவெட்டுகள், தேவைக்கு மேல் 20 கூடுதலாக.
- அலுமினியத்துக்கான எட்ச் பிரைமர், டெஃப்ஜெல் அல்லது டூராலாக் மாதிரியான துரு தடுக்கும் பசை.
- நைட்ரைல் கையுறை ஒரு பெட்டி, நுண்தூசியைத் தடுக்கும் பி100 முகமூடி, அசிட்டோன், ஃபோம் ரோலர், கலக்கும் கப்.

கருவிகளில் ட்ரில், ஜிக்சா, வட்டரம்பம், ரூட்டர், பின் பஞ்ச், பத்து க்ளாம்ப் போதும். ரிவெட் அடிக்க ஏர் ஹேமரும், பின்னால் பிடிக்க ஒரு கனமான இரும்புக் கட்டியும் வேண்டும்.

எந்தப் பலகை

முதலில் எது கூடாது என்பதைச் சொல்லிவிடலாம். கட்டடக் கடையில் பச்சை நிறத்தில் கிடைக்கும், மருந்தேற்றிய பிளைவுட்டை வாங்காதீர்கள். 2003 முடிவோடு அமெரிக்காவில் வீட்டு உபயோக மரத்துக்கு ஆர்செனிக் கலந்த சிசிஏ மருந்து நிறுத்தப்பட்டு, ஏசிக்யூ போன்ற மருந்துகள் வந்தன. அவற்றில் செம்பு அதிகம். செம்பும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கிவிடும், பலியாவது அலுமினியம். மரம் மக்காமல் நன்றாக இருக்கும்; தகடு சல்லடையாகிவிடும். மரத்தை மாற்றலாம், தகட்டை மாற்றுவது படகையே மாற்றுவதற்குச் சமம்.

பிஎஸ் 1088 என்ற பிரிட்டிஷ் தர முத்திரை உள்ள மரைன் பிளைவுட் நல்லது. அதன் பசை நீரைத் தாங்கும், உள்ளடுக்குகளில் வெற்றிடம் இருக்காது. ஆனால் அந்த முத்திரை ‘மக்காது’ என்று சொல்லவில்லை. ஒகூமே மரத்தில் செய்த மரைன் பிளைவுட், மூடாமல் விட்டால் வேகமாகவே மக்கும். டக்ளஸ் ஃபிர் மரைன் பிளைவுட் கொஞ்சம் கனம், ஆனால் போல்ட்டை நன்றாகப் பிடிக்கும். கை கடித்தால், வெளிப்புறப் பயன்பாட்டுப் பசையுள்ள ஏ-சி தர (ஒரு முகம் ஏ தரம், மறுமுகம் சி தரம்) பிளைவுட்டும் போதும். வெட்டுவாயில் வெற்றிடம் தெரிந்தால் கெட்டி எப்பாக்ஸியால் அடைத்துவிடுங்கள். நன்றாக மூடிய சாதாரணப் பலகை, மூடாத விலையுயர்ந்த பலகையைவிட நீண்டநாள் உழைக்கும்.

மக்கவே மக்காத கூசா போர்டு என்று ஒன்று உண்டு: கண்ணாடியிழை கலந்த பாலியூரித்தேன் நுரைப்பலகை. எடை குறைவு, விலை பல மடங்கு. ஃபைபர் கிளாஸ் படகில் இரு பக்கமும் இழை ஒட்டிப் பயன்படுத்துவதற்காகச் செய்தது அது. அலுமினியப் படகில் வெறுமனே செருகினால் போல்ட்டுக்கு அடியில் அமுங்கும். இரு பக்கமும் அலுமினியப் பட்டை வைத்தே இறுக்க வேண்டும். சமையலறை வெட்டுப்பலகை மாதிரியான பிளாஸ்டிக்கைப் போடலாமே என்று தோன்றும். தொடர்ந்து சுமை ஏறினால் அது மெல்ல வளைந்து கொடுத்துவிடும். வேண்டாம்.

கழற்றுதல்

பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு எஞ்சினை இறக்குங்கள். 9.9 எச்பி டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஏறக்குறைய 35 கிலோ, இரண்டு பேர் தூக்கலாம். 25 எச்பி 50 கிலோவைத் தொடும். 40 எச்பி என்றால் எஞ்சின் தூக்கும் கிரேன் வாடகைக்கு எடுங்கள்.

படகு டிரெய்லரில் இருந்தால், டிரான்சத்தின் நேர் கீழே தாங்கல் வரும்படி நகர்த்துங்கள். மூலைமூடிகளையும் முட்டுத் தாங்கிகளையும் கழற்றியதும் படகின் இரு பக்கச் சுவர்களும் வெளியே விரியும். முதலில் குறித்த அகலத்துக்குக் குறுக்காக ஒரு ராட்செட் பட்டியைக் கட்டிவிடுங்கள். இதை மறந்தால் திரும்பப் பொருத்தும்போது ரிவெட் துளைகள் எதுவும் நேருக்கு நேர் வராது.

ரிவெட் எடுப்பதில் பொறுமை வேண்டும். தலையின் நடுவில் சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி போடுங்கள். ரிவெட்டின் விட்டத்தைவிட ஒரு படி சிறிய பிட்டால், தலையின் தடிமன் வரை மட்டும் துளையிடுங்கள். பிறகு பின் பஞ்சை அந்தக் குழியில் வைத்துச் சாய்த்தால் தலை உடைந்து வந்துவிடும். மீதித் தண்டை நேராகத் தட்டி வெளியேற்றுங்கள். முழு ஆழத்துக்கும் துளையிடுகிறவர்கள் தகட்டின் துளையை முட்டை வடிவமாக்கிவிடுவார்கள். அங்கே புது ரிவெட் என்றைக்கும் ஒழுகும். பிட் வழுக்கி ஓடியிருந்தால் அந்தத் துளைக்கு அடுத்த பெரிய அளவு ரிவெட் போட வேண்டிவரும்.

மேல்மூடி, மூலைமூடி, உள்முட்டு, வடிகால் குழாய், இழுவை வளையம் எல்லாம் வந்தபின் பலகை மேலே உருவி வர வேண்டும். பெரும்பாலும் வராது. ஊறிய மரம் உப்பித் தகட்டைக் கவ்விப் பிடித்திருக்கும். மேல்விளிம்புக்குக் கீழே இரண்டு துளை போட்டு வளையப் போல்ட் மாட்டி, செயின் ஹோய்ஸ்ட்டால் மெல்ல இழுங்கள். இழுக்கும்போதே பிய்ந்தால் உளியாலும் அரம்பத்தாலும் துண்டு துண்டாக எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. பழைய பலகை மருந்தேற்றியதாக இருக்கலாம் என்பதால் முகமூடி இல்லாமல் அறுக்காதீர்கள். அந்தத் துண்டுகளை எரிக்கவும் கூடாது, சிசிஏ மரத்தின் புகையிலும் சாம்பலிலும் ஆர்செனிக் இருக்கும்.

சில படகுகளில் பின் இருக்கை அல்லது தரைப்பலகை அடியைத் தடுக்கும். இருக்கையைக் கழற்றினால் உள்ளே இருக்கும் நுரையைக் கையால் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் குடித்துக் கனத்திருந்தால் நீர் புகாத மூடிய நுரையால் மாற்றுங்கள். அதை எடுத்துவிட்டு இடத்தைக் காலியாக விடக்கூடாது; படகு கவிழ்ந்தாலும் முழுகாமல் மிதக்க வைப்பது அதுதான்.

கிடைத்த துண்டுகள் ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள். வடிவம் எடுக்க அவைதான் ஆதாரம்.

தகட்டைச் சரிபார்ப்பது

பலகை இருந்த இடத்தில் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். சாதாரண இரும்புக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். இரும்புத் துகள் தகட்டில் பதிந்து புது அரிப்பைக் கிளப்பும். ஸ்டெயின்லெஸ் பிரஷ் அல்லது ஸ்காட்ச் பிரைட் போதும். கழுவிக் காய்ந்ததும் உள்ளே விளக்கைப் பிடித்து வெளியிலிருந்து பாருங்கள், இருட்டில். ஊசித் துளை இருந்தால் நட்சத்திரம் மாதிரித் தெரியும்.

துளைக்காத குழிகளை எப்பாக்ஸியால் நிரப்பலாம். அலுமினியம் காற்றுப் பட்டவுடனே மேலே ஆக்சைடு படலம் பிடிக்கும் என்பதால், எப்பாக்ஸியைத் தடவி அது ஈரமாக இருக்கும்போதே உப்புத்தாளால் தேய்த்தால் பிடிப்பு நன்றாக இருக்கும். ஊடுருவிய துளைகளும் விரிசலும் இருந்தால் 5052 ரகத் தகட்டில் ஒட்டுப் போட்டு, இடையில் சீலண்ட் தடவி ரிவெட் அடியுங்கள். விரிசலின் இரு முனையிலும் 3 மி.மீ. துளை போட்ட பிறகே ஒட்டுப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டுக்கு அடியிலேயே விரிசல் ஓடும். முடிந்ததும் உள்பக்கம் முழுவதும் எட்ச் பிரைமர் இரண்டு பூச்சு.

வெட்டி ஒட்டுதல்

பழைய பலகை முழுதாக வந்திருந்தால் அதையே அச்சாக வையுங்கள். ஆனால் உப்பிய விளிம்பைக் கணக்கில் கொள்ளாதீர்கள். துண்டாக வந்திருந்தால் அட்டையில் வடிவம் வெட்டி, படகுக்குள் வைத்துப் பார்த்துத் திருத்துங்கள். அட்டை சரியாக உட்கார்ந்த பிறகே பிளைவுட்டில் கோடு போட வேண்டும். சுற்றிலும் 2 முதல் 3 மி.மீ. குறைத்து வெட்டுங்கள்; பூச்சு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அடியில் 5 மி.மீ. இடைவெளி விட்டு, பலகை தேங்கிய தண்ணீரில் நேரடியாக நிற்காதபடி பார்த்துக்கொள்வது நல்லது. சுமை போல்ட் வழியாகவும் முட்டுகள் வழியாகவும் போகிறதே தவிர அடி விளிம்பின்மேல் நிற்பதில்லை.

டிரான்சம் செங்குத்தாக இருக்காது, பொதுவாக 12 முதல் 15 டிகிரி பின்னுக்குச் சாய்ந்திருக்கும். அதனால் அடி விளிம்பையும் மேல் விளிம்பையும் அந்தச் சாய்வில் சீவ வேண்டும். அரம்பத்தின் தட்டைச் சாய்த்து வெட்டினால் ஒரே வெட்டில் வந்துவிடும்.

இரண்டு அடுக்குகளிலும் மேல்முகத்தின் மரக்கோடு குறுக்காக, அதாவது படகின் அகலவாக்கில் வரட்டும். ஒட்டும் இரு முகங்களையும் 80 எண் தாளால் தேய்த்துத் தூசியைத் துடைத்துவிடுங்கள். முதலில் தூள் கலக்காத எப்பாக்ஸியை இரண்டு முகத்திலும் ரோலரால் பூசி ஊறவிட்டு, பிறகு ஒரு முகத்தில் மட்டும் தூள் கலந்து கெட்ச்சப் பதமாக்கிய எப்பாக்ஸியைப் பல் கரண்டியால் பரப்புங்கள். ரெசினுக்கும் ஹார்டனருக்கும் உள்ள விகிதம் பிராண்டுக்கு பிராண்டு மாறும். வெஸ்ட் சிஸ்டம் 105-க்கு 205 அல்லது 206 ஹார்டனர் என்றால் 5-க்கு 1, வேறு பல பிராண்டுகளில் 2-க்கு 1. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட ஊற்றினால் என்றைக்கும் இறுகாத பிசின்தான் மிஞ்சும்.

க்ளாம்ப்பை முறுக்கிப் பிழியாதீர்கள். எப்பாக்ஸி விளிம்பில் சீராகக் கசிந்தால் போதும்; எல்லாம் வெளியேறிவிட்டால் நடுவில் பசையே இருக்காது. க்ளாம்ப் எட்டாத நடுப்பகுதிக்கு அகல வாஷர் வைத்துத் தற்காலிகத் திருகு போட்டு, இறுகியதும் எடுத்துத் துளையை அடைத்துவிடலாம். தகடு லேசாக வளைந்திருந்தால் மேசையில் ஒட்ட வேண்டாம். பிளாஸ்டிக் தாளை இடையில் விரித்து, படகின் தகட்டோடு சேர்த்துப் பிடித்து அங்கேயே இறுகவிடுங்கள்.

வசந்த காலத்தில் ஏரி உருகும் முன் முடித்துவிடலாம் என்று குளிர்ந்த கராஜில் இந்த வேலையைத் தொடங்குகிறவர்கள் உண்டு. மெதுவான ஹார்டனருக்கு ஏறக்குறைய 16 டிகிரி செல்சியஸாவது வேண்டும். அதற்குக் கீழே என்றால் வேகமான ஹார்டனரை வாங்குங்கள், அல்லது பலகையை மட்டும் வீட்டுக்குள் கொண்டுபோய் வேலை செய்யுங்கள்.

துளைகள்

மொத்த வேலையிலும் அவசரப்படக் கூடாத இடம் இது.

ஒட்டிய பலகையைப் பூசாமலே படகில் உட்காரவைத்து, மேல்மூடியும் மூலைமூடியும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பூச்சு இரு பக்கமும் சேர்ந்து ஒரு மி.மீ. வரை தடிமன் கூட்டும். இப்போதே இறுக்கமாக இருந்தால் பிறகு மூடி ஏறாது. சரியாக இருந்தால் வெளித்தகட்டின் துளைகள் வழியாகவே பென்சிலால் ஒவ்வொன்றையும் பலகையில் குறித்து, வெளியே எடுங்கள்.

எஞ்சின் போல்ட் அரை அங்குலம் என்றால், பலகையில் முக்கால் அங்குலத் துளை போடுங்கள். ஒரு பக்கத்தை டேப்பால் மூடி, துளையின் சுவரில் முதலில் தூள் கலக்காத எப்பாக்ஸியை பிரஷ்ஷால் தடவி அது குடிக்கும்வரை விடுங்கள். பிறகு வேர்க்கடலை வெண்ணெய் பதத்துக்குத் தூள் கலந்த எப்பாக்ஸியால் துளையை முழுக்க அடையுங்கள். காற்றுக்குமிழ் சிக்காமல் குச்சியால் குத்திக் குத்தி நிரப்ப வேண்டும். மெதுவான ஹார்டனர் நல்லது. வேகமானது மொத்தமாக நிரப்பினால் சூடேறிப் பொங்கும். மறுநாள் அதன் நடுவில் அரை அங்குலத் துளை போட்டால், போல்ட்டைச் சுற்றிலும் மூன்று மி.மீ. தடிமனில் எப்பாக்ஸி வளையம் நிற்கும். இனி அந்தத் துளையில் தண்ணீர் புகுந்தாலும் மரத்தைத் தொடாது. எஞ்சினை இறுக்கும்போது மரம் நசுங்காமலும் இது காக்கும்.

எல்லாத் துளைக்கும் இதே முறைதான். மீன் தேடும் கருவியின் சின்னத் திருகுக்கும்கூட. மக்கிய பழைய பலகைகளைப் பார்த்தால் கறுப்பு பல இடங்களில் அந்தச் சின்னத் திருகிலிருந்துதான் பரவியிருக்கும். அதைவிட, பலகைக்குத் திருகே போடாமல், ஒரு பிளாஸ்டிக் பலகையை வெளித்தகட்டில் ஒட்டி, கருவியை அதில் திருகிவிடுவது புத்திசாலித்தனம். வடிகால் குழாய் ஒரு அங்குலம் என்றால் ஒன்றேகால் அங்குலத் துளை போட்டு உள்சுவரை மூன்று முறை பூசுங்கள். முன்பு பித்தளைக் குழாய் இருந்திருக்கலாம். அலுமினியத்தோடு அது ஒத்துப்போகாது, பிளாஸ்டிக் அல்லது அலுமினியக் குழாய்க்கு மாறிவிடுங்கள்.

பூச்சு

கூரான விளிம்பில் எப்பாக்ஸி நிற்காது, வழிந்து மெலிந்துவிடும். அதனால் எல்லா விளிம்பையும் ரூட்டரால் 4 முதல் 6 மி.மீ. உருட்டுங்கள். வெட்டுவாய்களுக்கு முதல் பூச்சு, அது குடித்து மங்கியதும் மறுபடி, பளபளப்பு நிற்கும்வரை. அதன்பின் முழுப் பலகைக்கும் மூன்று பூச்சு.

மரத்தைச் சற்று வெதுவெதுப்பாக்கிவிட்டு, ஆறும் நேரத்தில் பூசுங்கள். மரத்துக்குள் இருக்கும் காற்று சுருங்கும்போது எப்பாக்ஸியை உள்ளே இழுக்கும். காலையில் பூசி வெயிலில் வைத்தால் நேர்மாறாகக் காற்று விரிந்து, பூச்செங்கும் குமிழ் கிளம்பி ஊசித் துளைகள் விழும். ஒரு பூச்சு இன்னும் நகம் பதியும் ஈரத்தில் இருக்கும்போதே அடுத்ததைப் போட்டால் தேய்க்கத் தேவையில்லை. முழுக்க இறுகிவிட்டால் மேலே மெழுகு மாதிரிப் படலம் வரும். தண்ணீரும் ஸ்காட்ச் பிரைட்டும் கொண்டு கழுவி, லேசாகத் தேய்த்த பிறகே மேலே எதையும் பூச வேண்டும். கையுறை இல்லாமல் வேலை செய்யாதீர்கள். ஹார்டனர் ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமையை உண்டாக்கிவிட்டால் அது போகாது.

டர்பென்டைன், காய்ச்சிய ஆளி விதை எண்ணெய், ஸ்பார் வார்னிஷ் மூன்றையும் சம பங்கு கலந்து ஊறவிடும் பழைய முறையும் உண்டு. செலவு குறைவு, மரம் மூச்சுவிடும் என்பது அதன் ஆதரவாளர்கள் கட்சி. சில வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கத் தயாராக இருப்பவர்களுக்கு அது சரி. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துத்தான் எறிய வேண்டும்.

திரும்பப் பொருத்துதல்

பலகையை முழுவதுமாகத் தகட்டோடு சீலண்ட் போட்டு ஒட்டிவிடத் தோன்றும். அப்படிச் செய்தால் அடுத்த முறை யாராலும் எடுக்க முடியாது. அடியில் வடிகால் வழியும் அடைபடும். துளைகளைச் சுற்றி ஒரு வளையம், மேல்மூடிக்கு அடியில் முழு நீளம், இவ்வளவு போதும். 3எம் 5200 வேண்டாம், அது நிரந்தரப் பசை. 4200 அல்லது சிகாஃப்ளெக்ஸ் 291 போடுங்கள். வினிகர் வாசனை வரும் குளியலறை சிலிக்கோனை அலுமினியத்துக்குக் கிட்டேகூடக் கொண்டுபோகாதீர்கள், அந்த அமிலம் தகட்டை அரிக்கும்.

முட்டுகளையும் மூலைகளையும் முதலில் தற்காலிகப் போல்ட்டால் பிடித்து, எல்லாத் துளையும் நேராக வந்த பிறகு ராட்செட் பட்டியை விடுவியுங்கள். ரிவெட்டின் நீளத்துக்குக் கணக்கு: இணையும் தகடுகளின் மொத்தத் தடிமனோடு, ரிவெட் விட்டத்தின் ஒன்றரை மடங்கு. இரண்டு 2 மி.மீ. தகடுகளுக்கு 4.8 மி.மீ. ரிவெட் என்றால் 4-ம் 7.2-ம் சேர்த்து 11.2 மி.மீ., அதாவது 7/16 அங்குலம். ஒருவர் வெளியே ஏர் ஹேமரைத் தலையில் வைத்துப் பிடிக்க, மற்றவர் உள்ளே இரும்புக் கட்டியைத் தண்டில் அழுத்திப் பிடிக்க வேண்டும். அடித்து முடித்த உள்தலையின் அகலம் ரிவெட் விட்டத்தின் ஒன்றரை மடங்கும், உயரம் அந்த விட்டத்தில் பாதியும் இருந்தால் சரி. காற்றழுத்தத்தைக் குறைத்து வைத்து, வீண் தகட்டில் பத்துப் பதினைந்து ரிவெட் அடித்துப் பழகிய பிறகு படகைத் தொடுங்கள். கை எட்டாத இடத்தில் மட்டும் முனை மூடிய பாப் ரிவெட் போடலாம், உள்ளாணியும் அலுமினியமாகவே இருக்க வேண்டும். இரும்பு உள்ளாணி இரண்டே பருவத்தில் துருவாக வழியும்.

ஸ்டெயின்லெஸ் போல்ட் ஒவ்வொன்றிலும் துரு தடுக்கும் பசையைத் தடவுங்கள். வாஷர் பதிந்து நிற்கும்வரை இறுக்கினால் போதும். தகடு குழிய இறுக்கக் கூடாது. க்ளாம்ப் முறையில் மாட்டும் எஞ்சின் என்றால், பிடி பதியும் இடத்தில் உள்ளும் புறமும் 3 மி.மீ. அலுமினியத் தகடு வைத்தால் பூச்சு கிழியாது.

சோதனை

படகின் முன்பக்கத்தை உயர்த்தி, பின்பக்கம் ஒரு சாண் ஆழம் நிற்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். படகு முழுக்க நிரப்பினால் நூற்றுக்கணக்கான கிலோ ஏறி டிரெய்லரும் தகடும் வளையும். அரை மணி நேரம் விட்டு வெளியே கசியும் ரிவெட்டை மார்க்கரால் வட்டமிட்டு, வடித்துக் காய்ந்ததும் அதை மறுபடி அடித்து இறுக்குங்கள். மேலே சீலண்ட் பூசி மறைப்பது ஒரு பருவத்துக்குத்தான் தாங்கும்.

எஞ்சினை மாட்டியதும் புரொப்பெல்லருக்கு மேலே உள்ள காற்றுத்தடுப்புத் தட்டு படகின் அடியோடு சமமாகவோ, ஒரு அங்குலம் வரை கீழேயோ இருக்கிறதா என்று பாருங்கள். முதல் இரண்டு ஓட்டத்துக்குப் பின் எல்லா நட்டையும் திரும்ப ஒரு கை பாருங்கள்; புதுப் பலகையும் சீலண்ட்டும் கொஞ்சம் உட்காரும். டிரெய்லரில் கொண்டுபோகும்போது சாய்ந்த எஞ்சின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிரான்சத்தை நெம்பும் என்பதால், எஞ்சினின் அடிக்கும் டிரெய்லர் சட்டத்துக்கும் இடையே ஒரு தாங்குகோல் போடுவது பலன் தரும். குளிர்காலத்தில் படகை நிறுத்தும்போது முன்பக்கத்தை உயர்த்தி, வடிகால் அடைப்பானைக் கழற்றி வையுங்கள். அதில் இலை அடைத்திருக்கிறதா என்று இடையில் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.